சலவைக்கூடத்து மேசை

கோபம் வந்தால் அவள் பென்சில் சீவுவாள். நாற்காலித் தொழிற்சாலையின் வரைபடக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், சாயங்காலம் கூட்டிப் பெருக்க வருகிற பெண், அவள் காலடியில் கிடக்கும் சீவலைப் பார்த்தே அன்றைக்கு மேலாளர் எத்தனை முறை அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று சொல்லிவிடுவாளாம். ஸ்கேல் இல்லாமலே நேராகக் கோடு இழுப்பாள். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்வாள். இரண்டுக்கும் சேர்த்து அவளுக்கு 'நேர்கோடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

அவள் வரைந்த தாள் ஒன்றுகூடத் திருத்தத்துக்கு என்று திரும்பி வந்ததில்லை. தச்சர்கள் அவள் தாளைச் சுவரில் குத்தி வைத்துவிட்டு யோசனையே இல்லாமல் மரத்தை அறுப்பார்கள். கோடு பொய் சொன்னால் மரம் வீண், மரம் வீணானால் ஒருவனுடைய நாள் வீண். இது ஒன்றைத்தான் அவள் வேதமாக நம்பினாள். மற்றபடி கடவுளிடம்கூட அவளுக்கு மனத்தாங்கல்தான்.

பெண் பார்க்க வந்த ஒருவர், காப்பி ஆறிப் போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லப் போக, அவள் பதிலுக்குச் சொன்ன நாலு வார்த்தையைக் கேட்டுவிட்டுத் தன் குடையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வீட்டில் அவளும் அவளுடைய அக்காவும்தான். அக்காவின் கணவர் கப்பல் வேலைக்குப் போனவர், போனவர்தான். அந்தக் குடை மட்டும் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் மந்தம் வந்தது. மந்தம் என்றால் வயிற்றுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தாள், நாட்டுக்கும் வருமாம். பேப்பரில் பெரிய பெரிய ஆட்கள் அதற்குப் பெரிய பெரிய காரணங்கள் எழுதினார்கள். தொழிற்சாலைக்காரர் அப்படி ஒன்றும் எழுதவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டில் பூட்டுத் தொங்கியது. உள்ளே மாட்டிக்கொண்ட தன் காம்பஸ் பெட்டியைக் கேட்டு அவள் காவல்காரரோடு மல்லுக்கு நின்றாள். பெட்டி கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா சலவைக்கூடத்தில் துணி தேய்த்துக் கொண்டுவந்ததில்தான் இரண்டு வயிறும் நிறைந்தது. நிறைந்தது என்று சொல்வது சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

இந்த நிலைமையில்தான் அரசாங்கம் ஒரு நிவாரண வேலையைக் கண்டுபிடித்தது. வேலையில்லாத வரைபடக்காரர்கள் வீடு வீடாகப் போய், பழைய காலத்துக் கட்டில், பெட்டி, தொட்டில், அலமாரி எல்லாவற்றையும் அளந்து படமாக வரைந்து கொடுக்க வேண்டும். நாட்டின் மரவேலை மரபு அழியாமல் காப்பாற்றப்படுமாம். அவளுக்கு இதைக் கேட்டதுமே பற்றிக்கொண்டு வந்தது. கட்டில் செய்கிறவன் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். கட்டில் வைத்திருந்தவன் அதை உடைத்து அடுப்பெரிக்கிறான். இவர்கள் கட்டிலுக்குப் படம் போடுகிறார்களாம். அலுவலகத்தில் மனு வாங்கியவரிடமே இதைச் சொன்னாள். அவர், "வேலை வேணுமா வேணாமாம்மா?" என்று கேட்டார். வேணும் என்று சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

வேலைக்குச் சில விதிகள் இருந்தன. பொருளை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரைய வேண்டும். கடைசித் தாளில் அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டது போல வரைந்து, எந்தத் துண்டு எதற்குள் எப்படிப் போய் உட்காருகிறது என்று காட்ட வேண்டும். அந்தப் பிரித்த படம் இல்லாவிட்டால் தாள்களை வாங்க மாட்டார்கள். வரைந்து முடித்ததும் மேற்பார்வையாளர் நேரில் வந்து, படத்தைப் பொருளோடு வைத்துச் சரிபார்ப்பார். பொருளின் சொந்தக்காரருக்கு ஒரு பிரதி உண்டு. எல்லாவற்றையும்விடக் கொடுமையான விதி, வரைவதற்கான பொருளை அவரவரே தேடிப் பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்பதுதான். பொருள் இல்லாத வாரத்துக்குச் சம்பளம் இல்லை.

தொடக்கத்தில் தெருவுக்கு ஒரு பழைய அலமாரியாவது இருந்தது. போகப் போகப் படக்காரர்களுக்குள்ளேயே போட்டி வந்துவிட்டது. யார் எந்த வீட்டில் என்ன பார்த்தார் என்று ஒருவருக்கொருவர் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவர் தடித்த கண்ணாடி போட்டவர். எங்கோ ஒரு பணக்கார வீட்டில் மயில் செதுக்கிய தொட்டில் ஒன்றைப் பிடித்துவிட்டு, அலுவலகத்தில் தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்கப் பெருமை அளந்தார். அந்த வாரம் நேர்கோட்டுக்குப் பொருளே கிடைத்திருக்கவில்லை. பசி வேறு. கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்து, என்னம்மா, ஒரு முக்காலிகூடவா மாட்டவில்லை என்று கேட்டார். அவ்வளவுதான், அவளுக்கு மூக்குக்கு மேலே ஏறிவிட்டது.

"எங்க அக்கா துணி தேய்க்கிற மேசையைப் பாத்தா, நீங்க இந்தத் தொட்டிலைத் தூக்கி அடுப்புல வச்சிருவீங்க" என்றாள்.

அவள் அதற்கு முன்பு அந்த மேசையைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போனபோது வாசலில் நின்று பார்த்ததுதான். ஆனால் அறையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளரின் காதில் அது விழுந்துவிட்டது. எந்த மேசை, எந்தத் தெரு என்று கேட்டார். கேட்டபடியே எழுதியும் கொண்டார். கோபத்தில் விட்ட ஒரு வார்த்தை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஒரு வாரத்துச் சம்பளம் உறுதியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினாள்.

சலவைக்கூடம் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் பின்பக்கத்து நீண்ட அறை. உள்ளே நுழைந்தாலே கஞ்சியும் கரிப்புகையும் சேர்ந்த சூடு முகத்தில் அடிக்கும். ஏழெட்டுப் பெண்கள் இரண்டு பக்கமும் நின்று, விடுதிகளிலிருந்து வரும் நீள நீளமான படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பார்கள். கரி போட்ட இஸ்திரிப் பெட்டிகள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஆளாளுக்குச் சுட்ட தழும்புகள். நடுவில் அந்த மேசை. ஒரே பலகை, அறையின் பாதி நீளத்துக்கு. அதன்மேல் கம்பளியும் வெள்ளைத் துணியும் விரித்திருந்ததால், அங்கே வேலை செய்கிறவர்களே மரத்தைப் பார்த்ததில்லை. மேசையை அந்த அறைக்குள்ளேயே வைத்துச் செய்தார்களாம், அதற்குப் பிறகுதான் வாசல் சுவரைக் கட்டி முடித்தார்களாம். கால்கள் இரண்டு முனையிலும் அகலமாக விரிந்து நின்றன. அந்தக் கால்களோடு மேசை எந்த வாசல் வழியாகவும் வெளியே போகாது.

அவள் கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நிற்பது அதிசயம் என்பதால் அக்கா பயந்துபோய், என்னடி ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை. எங்கேயும் ஓர் ஆணி இல்லை, அதுதான். அவ்வளவு கனத்த பலகை அத்தனை வருஷமாகச் சூட்டையும் ஈரத்தையும் தாங்கிக்கொண்டு ஒரு மயிரிழைகூட வளையாமல் கிடந்தது. எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வெளியே ஒரு தடயமும் இல்லை.

பெண்கள் வேலையை நிறுத்த முடியாது. அதனால் அவர்கள் மேலே தேய்த்துக்கொண்டிருக்க, அவள் மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு அளவெடுத்தாள். தலைக்கு மேல் இஸ்திரிப் பெட்டி தொம் தொம்மென்று விழும். அவளைச் சுற்றி வரிசையாகப் பெண்களின் கால்கள், வீங்கியவையும் வெடித்தவையுமாக. நாளைக்கு எங்களையும் கடைசித் தாளில் பிரித்துப் போட்டுவிடாதே என்று ஒருத்தி குனிந்து சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த வேலையில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் கட்டடக்காரர் வந்தார். சலவைக்கூடமும் அவருடையதுதான், மேசையும் அவருடையதுதான். கூடவே ஒரு பழம்பொருள் வியாபாரி. கழுத்து நிறையப் பவுடர் அப்பிக்கொண்டு வந்ததால் பெண்கள் அந்த நிமிஷமே அவருக்குப் 'பவுடர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரசாங்கமே ஆள் அனுப்பிப் படம் போடுகிறது என்றால் அது சாதாரண மேசையாக இருக்காது என்று கட்டடக்காரருக்கு மண்டையில் உறைத்திருக்கிறது. பவுடர் பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். கடல் தாண்டி ஒரு சீமான் இப்படி ஒன்றுக்காகக் காத்திருக்கிறாராம். ஆனால் காலை அறுத்தால் மேசைக்கு மதிப்பில்லை. சுவரை இடித்தால் மாடி இறங்கிவிடும். கால் கழன்றால்தான் பலகையை ஒருக்களித்து வாசல் வழியாகக் கொண்டுபோக முடியும்.

அவருக்கு வயிறு பெருத்த உடம்பு. குனிந்து கீழே பார்ப்பதற்கு முயற்சிகூடச் செய்யவில்லை. "கழலுமா கழலாதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றார்.

"அதான் கீழ ஒரு அம்மா படுத்து வரைஞ்சிட்டிருக்காங்களே. எனக்கு ஒரு பிரதி வரும். அதுல எல்லாம் பிரிச்சுப் போட்டிருக்கும்" என்றார் கட்டடக்காரர்.

கீழே படுத்திருந்த அம்மா சடாரென்று எழுந்ததில் தலை மேசையின் அடிச்சட்டத்தில் இடித்தது. வெளியே வந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, மேசை போய்விட்டால் இவர்கள் எதன்மேல் தேய்ப்பார்கள் என்று கேட்டாள். கட்டடக்காரர் அவளைக் கோபமாகப் பார்க்கக்கூட இல்லை. நல்ல மனநிலையில் இருந்தார்.

"தரையில விரிச்சுத் தேய்க்கட்டுமே. துணிக்குத் தெரியவா போகுது?"

தரையில் தேய்த்தால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவ்வளவு நீள விரிப்பு தரையில் மடிப்பு விழாமல் நிற்காது. விடுதிக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு மாதத்தில் கூடத்துக்குப் பூட்டு. அவருக்கு அதுவும் சம்மதம்தான், மேசை விற்ற பிறகு சலவைக்கூடம் எதற்கு? ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார். அவர்கள் திரும்பிப் பார்த்தது கட்டடக்காரரை அல்ல, நேர்கோட்டை. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. மறுபடி மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம்தான் அவளுக்கு அது பிடிபட்டது. காலின் தலையில் ஒரு குடுமி, அது சட்டத்தில் குடைந்த பொளிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்த அளவுக்கு எந்தத் தச்சனும் செய்வதுதான். ஆனால் அந்தக் குடுமியைப் பூட்டுகிற ஆப்பு எங்கே? மரத்தின் ரேகையைத் தடவிக்கொண்டே போன விரல் ஓர் இடத்தில் நின்றது. சதுரமாக ஒரு சிறிய சில்லு, ரேகையோடு ரேகை பொருந்தி, கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருந்தது. ஓர் ஓரத்தை அழுத்தினாள். மறு ஓரம் மெல்ல எழுந்தது. அதற்குப் பின்னால் ஆப்பு, விரலால் தொட்டதுமே வழுக்கிக்கொண்டு பாதி வெளியே வந்தது. அவ்வளவு சுத்தமான வேலை. அத்தனை கனத்தைத் தாங்குகிற பூட்டு, ஒரு பெண்ணின் இரண்டு விரலுக்குத் திறக்கிறது. செய்தவன் யாரோ, மனுஷன்தானா அவன் என்று தோன்றியது. சந்தோஷத்தில் ஆப்பை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். அடுத்த மூச்சிலேயே அந்தச் சந்தோஷம் வயிற்றெரிச்சலாக மாறியது. இதை வரைந்து கொடுத்தால் பவுடருக்கு மேசையைச் சாவியோடு கொடுத்ததாகிவிடும். ஆப்பைத் திரும்பத் தள்ளிச் சில்லை மூடினாள். மேலே தொம் என்று ஒரு பெட்டி விழுந்தது. அது அக்காவின் பெட்டி. அக்கா அழுத்துகிற அழுத்து அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா மணிக்கட்டில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். அக்கா சாது. தங்கையின் கோபத்தில் பாதி தனக்கு வந்திருக்க வேண்டியது என்று சொல்லிச் சிரிப்பவள். இதற்கா இவ்வளவு யோசனை என்பது போல, தப்பாக வரைந்து கொடுத்துவிடேன் என்றாள்.

"மாட்டேன்."

"ஏன்டி?"

"தப்பா வரைஞ்சா அது நான் வரைஞ்சது இல்லைக்கா. அதுவும் இல்லாம, சரிபாக்க ஆள் வருவாரு. தடவிப் பாத்தா தெரிஞ்சுரும்."

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஆள் வராட்டி மட்டும் தப்பா வரைவியா? மாட்டே. உன் கோடு நேரா இருக்கணும், நாங்க தெருவுல நிக்கணும். அந்த மேசையைப் பத்தி யாரு வாயைத் திறந்தது? நாங்களா?"

அக்காவுக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. அக்காவின் கோபத்துக்குச் சத்தம் கிடையாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நேர்கோடு ஒரு முழுப் பென்சிலையும் விரல் நுனிக்கு வரும்வரை சீவினாள். அவளுக்குக் கட்டடக்காரர்மேல் கோபம், பவுடர்மேல் கோபம், தொட்டில் வரைந்த கண்ணாடிக்காரர்மேல் கோபம். எல்லாரையும் திட்டி முடித்த பிறகும் மிச்சமிருந்த கோபம் முழுக்க அவளுடைய வாய்மேல்தான்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய் மேற்பார்வையாளரிடம் நேராகவே கேட்டாள். இந்த மேசைக்கு மட்டும் பிரித்த படம் வேண்டாம், சம்பளத்தைக்கூடப் பாதியாக வெட்டிக்கொள்ளட்டும். மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் இல்லை. மெலிந்த ஆள், காலர் கிழிந்த சட்டையைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். காரணத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, விதி விதிதான் என்றார். மேசை யாருடையது, யாருக்கு விற்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கப் போனால் இந்த வேலையே நடக்காது. இதுவரை வரைந்த பொருள்களில் எத்தனை இன்னும் அந்தந்த வீட்டில் இருக்கின்றன என்று நினைக்கிறாய் என்று அவரே கேட்டார். அவளுக்கு அது புதுச் செய்தி. அவள் வரைந்த சம்புடம், அவள் வரைந்த ஊஞ்சல், அவள் வரைந்த எழுத்துப் பெட்டி எல்லாவற்றின் பின்னாலும் ஒரு பவுடர் போயிருக்கிறார். காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். என்ன கத்தினாள் என்பதை இங்கே எழுத முடியாது. மேற்பார்வையாளர் தலையைக் குனிந்துகொண்டு அவள் முடிக்கும்வரை இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நான் என்னம்மா செய்யறது? பாத்ததைப் பாத்தபடி வரையணும். நம்ம வேலை அவ்வளவுதான்."

வாசலைத் தாண்டி, படியிறங்கி, தெருவில் பாதி தூரம் அந்த வார்த்தையைத் திட்டிக்கொண்டே போனாள். பாத்ததைப் பாத்தபடியாம். திடீரென்று நின்றாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் அவள்மேல் மோதாமல் ஒடித்துத் திருப்பி, கண்ணு தெரியலையா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆச்சரியம், அவள் அவருக்குப் பதிலே சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம், உங்கள் கூடத்தில் துருப்பிடித்த ஆணி கிடைக்குமா என்று கேட்டாள். அக்கா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். கரி வருகிற பழைய மரப்பெட்டிகள் கொல்லையில் குவிந்து கிடக்கின்றன, அதில் வேண்டிய மட்டும் பிடுங்கலாம் என்றாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தைரியம் போய்விடும்.

தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையை அவள் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சினாள். வீடு முழுக்க நாற்றம். அதைச் சாப்பாட்டுத் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டாள். சுத்தியல்? அதைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய குடைக்குள் சொருகினாள். பெண் பார்க்க வந்தவர் இந்த வீட்டுக்குச் செய்த ஒரே உபகாரம் அந்தக் குடைதான். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் குடை எதற்கு என்று சலவைக்கூடத்து வாசலில் இருந்த காவல்காரர் கேட்டார். என் இஷ்டம் என்றாள். அவள் சுபாவம் தெரிந்தவர் என்பதால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மேசைக்கடியில் படுத்துக்கொண்டு சில்லைத் திறந்தாள். கடைசியாக ஒரு தடவை ஆப்பை விரலால் இழுத்துப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. அக்கா குனிந்து, இதை உனக்காக மட்டுமாவது ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளேன் என்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தாள் என்று ஒன்று இருந்தால் அது என்றைக்காவது ஒரு பவுடர் கைக்குப் போகும். பொளிக்குள் சூடான பசையை ஊற்றினாள். ஆப்பைத் தள்ளினாள். சில்லை மூடினாள். அதன் நடுவில் ஆணியை வைத்தாள். ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நல்ல வேலையை இவ்வளவு கேவலமாக்க வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம்.

அக்கா மேலே ஏதோ சொன்னாள். ஏழெட்டு இஸ்திரிப் பெட்டிகளும் ஒன்றாகத் தொம் என்று இறங்கின. அந்தச் சத்தத்தோடு அவள் சுத்தியலை இறக்கினாள். அவர்கள் பெட்டியைத் தூக்க, அவள் சுத்தியலைத் தூக்க, அவர்கள் இறக்க, அவள் இறக்க. வாசலில் இருந்த காவல்காரருக்குப் பெண்கள் இன்றைக்கு நன்றாக வேலை செய்கிறார்கள் என்று தோன்றியிருக்கும். நான்கு காலுக்கும் அடித்தாள். அழுதுகொண்டேதான் அடித்தாள். ஓர் ஆணிகூட வளையவில்லை. முடிந்ததும் பெண்கள் ஆளாளுக்கு ஒரு பிடி கரித்தூளையும் பழைய கஞ்சியையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆணியைச் சுற்றித் தேய்த்ததும் அது அவர்களுடைய பாட்டன் காலத்திலேயே அடித்தது போல ஆகிவிட்டது.

பிறகு அவள் தாளை எடுத்து, பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தாள். கால், சட்டம், பசை, ஆணி. ஆணியின் தலையில் இருந்த துருவைக்கூட விடவில்லை. அந்தத் தாளில் ஒரு கோடு பொய்யில்லை.

சரிபார்க்கும் நாளில் மேற்பார்வையாளரோடு கட்டடக்காரரும் பவுடரும் வந்து நின்றார்கள். மேற்பார்வையாளர் மட்டும் விளக்கோடு உள்ளே ஊர்ந்து போனார். வெகுநேரம் வரவில்லை. பெண்கள் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருத்தியும் நிமிரவில்லை. அவர் வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டார். வலது கைக் கட்டைவிரலில் புதுக் கரித்தூள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார், அவளையும் ஒரு தடவை பார்த்தார், கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார். ஆணி அடித்து, பசை ஊற்றி இறுக்கியிருக்கிறது, பிரித்தால் மரம் பிளந்துவிடும் என்று கட்டடக்காரரிடம் சொன்னார்.

பவுடருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆணி அடித்த மேசையைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் யார் தலையில் கட்டுவது என்று கேட்டுவிட்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். கட்டடக்காரர் யார் அடித்தது யார் அடித்தது என்று கூடம் அதிரக் கத்தினார். அடித்தவள் அவருக்கு எதிரிலேயே நின்று பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். மேசைக்கு வேறு உபயோகம் இல்லாததால் அவரும் கடைசியில், சரி, தேய்த்துத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாள்களை அலுவலகம் ஏற்கவில்லை. பின்னால் கெடுக்கப்பட்ட பொருளுக்குத் தொகுப்பில் இடமில்லையாம். அந்த வாரத்துச் சம்பளமும் இல்லை. அவள் வாழ்க்கையில் திரும்பி வந்த முதல் தாள் அது. அதன் மூலையில் மேற்பார்வையாளர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'பிற்காலத்தில் அறிவில்லாதவன் எவனோ ஆணி அடித்துப் பாழாக்கியது.' அன்றைக்கே அவள் நிவாரண வேலையை விட்டுவிட்டு, சலவைக்கூடத்திலேயே கஞ்சி காய்ச்சும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மந்தம் தெளிந்து சில வருஷங்கள் கழித்து அந்தப் படங்களையெல்லாம் கனமான புத்தகமாகப் போட்டார்கள். யாரோ விடுதிக்காரர் துணியோடு தவறுதலாக அனுப்பிவைத்த பிரதி ஒன்று கூடத்துக்கு வந்தது. பெண்கள் மேசைமேல் வைத்துப் புரட்டினார்கள். கண்ணாடிக்காரரின் தொட்டில் இருந்தது. அவள் வரைந்த ஊஞ்சல் இருந்தது, எழுத்துப் பெட்டி இருந்தது. அந்த வீடுகளில் இப்போது அவை இல்லை. புத்தகத்தில் இல்லாதது ஒன்றுதான். அதன்மேல்தான் புத்தகம் இருந்தது.

அக்கா பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே, அந்த மனுஷன் அன்றைக்கு விரலைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார் என்றாள். "உன்னைக் காப்பாத்தத்தான் 'எவனோ'ன்னு எழுதினாரு. இத்தனை வருஷமா அவரைத் திட்டிட்டிருக்கியே."

"காப்பாத்தட்டும், வேணாங்கலை" என்றாள் நேர்கோடு. அவள் கை மேசைக்கடியில் போய், சில்லு இருந்த இடத்தைத் தானாகத் தேடியது. விரல் ஆணித் தலையில் போய் நின்றது. ஓரத்தை அழுத்திப் பார்த்தாள். அது எழவில்லை. "அறிவில்லாதவன்னு எழுதிட்டாரேக்கா. எங்க அழுத்தினா திறக்கும்னு இந்த உலகத்துல தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

அக்கா புத்தகத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஈர விரிப்பை உதறி மேசைமேல் போட்டாள்.

"அந்த முனையைப் பிடி" என்றாள்.